மெட்டுப் போட்டவரும் புறப்பட்டு வந்தவரும்

 

இந்த மாதச் செய்திக்கு அப்போஸ்தலர் நடபடிகள் 10-ஆம் அதிகாரத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேதுரு யோப்பா பட்டணத்தில், கடற்கரையோரத்தில், தோல் பதனிடுகிற சீமோன் வீட்டு மாடியில் ஜெபிக்கிறான். நல்ல பசி வேளை. வானத்திலிருந்து துப்பட்டி இறங்குகிறது. அவன் 'சீ' என்று ஒதுக்கினதையெல்லாம் அடித்துப் புசிக்கும்படி கர்த்தர் சொல்லுகிறார். மூன்று தரம்! அதற்குள்ளே செசரியாவிலிருந்து வந்த ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். யோப்பாவுக்கும் செசரியாவுக்கும் எவ்வளவு தூரம் தெரியுமா? நமக்குக் கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற தூரம்தான், கொஞ்சம் கூட இருக்கும். அவ்வளவு தூரம் போவதற்கு ஒரு அப்போஸ்தலனுக்கே தரிசனம் வேண்டியிருந்தது!

நம்ம கடலூர் - சிதம்பரம் வழியிலேயே ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன்னாலே ஒருவர் போனார். அவரைப்பற்றிச் சொல்லவேண்டுமென்று நெடுநாளாய் எனக்குள் ஒரு பாரம். ஆனால் அதற்கு முதலில் அமெரிக்காவுக்குப் போய் ஒரு பாங்க் கிளார்க்கைப் பார்க்கவேண்டும். பொறுமையாய்க் கூட வாருங்கள்.

அவர் பெயர் லோவல் மேசன். 1792-ல் மசாசூசெட்ஸ் மாகாணத்தில் மெட்ஃபீல்டு என்ற சிற்றூரில் பிறந்தவர். வாலிப வயதில் பிழைப்புக்காகத் தெற்கே, ஜார்ஜியாவிலுள்ள சவானா என்ற துறைமுகப் பட்டணத்துக்கு வந்தார். முதலில் கடையில் வேலை, அப்புறம் பாங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சபையில் ஆர்கன் வாசிப்பார், பாடகர் குழுவை நடத்துவார், ஓய்வுநாள் பள்ளியையும் கவனிப்பார். வேலை முடிந்த நேரத்தில் ஒரு ஜெர்மானியரிடம் இசை கற்றுக்கொண்டார். 1822-ல் பாஸ்டன் நகரத்தில் அவர் தொகுத்த சபை இசைப் புத்தகம் வெளிவந்தது. அதில் தன் பெயரைப் போடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்! பாங்கில் உத்தியோகம் பார்க்கிறவன் பாட்டுக்காரன் என்று பெயர் எடுக்கக்கூடாதே என்று தயக்கம். பெயரில்லாத அந்தப் புத்தகம் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் ஓடிற்று. (போஸ்டரில் பெயர் சின்னதாய்ப் போட்டார்கள் என்று வருத்தப்படுகிற பாடகர் யாராவது இதை வாசித்தால் நல்லது.) 1827-ல் பாஸ்டனுக்கே குடிபோனார். 1838-ல் அந்நகரத்துப் பள்ளிக்கூடங்களில் பாட்டும் ஒரு பாடமாக வந்ததற்கு அவரே காரணம். 1872-ல் அவர் மரிக்கும்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஞானப்பாட்டு மெட்டுகள் அவர் பெயரில் இருந்தன.

உங்களில் அநேகருக்கு மேசனைத் தெரியாது. ஆனால் அவருடைய மெட்டு தெரியும். கல்லைத் தலையணையாய் வைத்துப் படுத்த யாக்கோபின் சொப்பனத்தை வைத்து சாரா ஆடம்ஸ் அம்மாள் எழுதின பாட்டை, அடக்க ஆராதனையில் கண்ணீரோடு பாடுகிறோமே, அதன் ராகம் 1856-ல் மேசன் போட்டது. ராத்திரி தூக்கம் வராமல் இருட்டில் விழித்திருந்தபோது அந்த ராகம் வந்தது, விடிந்ததும் எழுதிவைத்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். சிலுவையைக் குறித்து ஐசக் வாட்ஸ் எழுதின பாட்டுக்கு அவர் போட்ட இன்னொரு மெட்டில் மொத்தமே ஐந்து சுரங்கள்தான். ஆர்மோனியம் வாசிக்கிற எனக்கு அது எப்போதும் ஆச்சரியம். ஐந்து கட்டைக்குள்ளே கல்வாரி முழுவதும் அடங்கிவிடுகிறது!

நான் சொல்லவந்த மெட்டு வேறே. 1823-ஐ ஒட்டி, சவானாவில் மேரி ஹோவர்டு என்ற சகோதரிக்கு இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு மிஷனரிப் பாட்டின் வரிகள் கிடைத்தன. ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் அந்த அளவுக்குப் பொருந்துகிற ராகம் இல்லை. அதே தெருவில் பாங்கில் இருக்கிற வாலிபன் மெட்டுப் போடுவானாமே என்று கொடுத்தனுப்பினார்கள். அரை மணி நேரத்தில் மெட்டோடு திரும்பிவந்தது என்று சொல்லுவார்கள். அந்த ராகத்துக்கு 'மிஷனரிப் பாட்டு' என்றே பெயர் வந்துவிட்டது. அமெரிக்க சபைகளில் ஊழியர்களை வழியனுப்புகிற கூட்டங்களில் தலைமுறை தலைமுறையாய் அதைப் பாடினார்கள். மேசன் பெரிய அளவில் பேர் பெற்ற முதல் மெட்டும் அதுதான்.

சரி, அந்த வரிகளை எழுதினவர் யார்? ரெஜினால்ட் ஹீபர். ஆமா, திருச்சியில் பிஷப் ஹீபர் காலேஜ் இருக்கிறதே, அதே ஹீபர்தான்! 1819-ஆம் வருஷம் அவர் இங்கிலாந்தில் ஒரு கிராமத்து குருவானவர். வேல்ஸ் நாட்டு ரெக்ஸ்ஹாம் ஊரில் அவருடைய மாமனார் மிஷனரி ஊழியத்துக்காகப் பிரசங்கித்துக் காணிக்கை எடுக்கப்போகிறார். முந்தின நாள் சனிக்கிழமை, "நாளைக்குப் பாட ஒரு பாட்டு எழுதிக் கொடேன்" என்று மாமனார் கேட்க, ஹீபர் அறையின் ஒரு மூலையில் போய் உட்கார்ந்து சற்று நேரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாள் என்ன ஞாயிறு தெரியுமா? பெந்தெகொஸ்தே ஞாயிறு! அல்லேலூயா!

அந்தப் பாட்டு கிரீன்லாந்தின் பனியில் தொடங்கி இந்தியா, ஆப்பிரிக்கா, இலங்கை என்று உலகத்தைச் சுற்றிவரும். நம்மிடம் விளக்கு இருக்கும்போது இருளில் இருப்பவனுக்கு அதை மறுக்கலாமா என்று கேட்கும். நல்ல கேள்வி. ஆனால் நடுவிலே, இலங்கைத் தீவைப்பற்றி வருகிற இடத்தில், அங்கே பார்க்கிறதெல்லாம் அழகு, மனுஷன் மாத்திரமே இழிவானவன் என்று பொருள்படும்படி எழுதிவைத்தார். அப்போது அவர் இலங்கையைப் பார்த்ததில்லை. இந்தியாவையும் பார்த்ததில்லை. ஒரு தமிழன் முகத்தையாவது பார்த்திருப்பாரா, சந்தேகம்தான்.

அந்த வரி முள்ளாய்க் குத்திற்று. 1925-ல் கல்கத்தாவில் மிஷனரிமார் நடுவே பேசின காந்தி, ஹீபர் அதை எழுதாமல் இருந்திருக்கலாம் என்று வருத்தத்தோடு சொன்னார். காந்தி சொன்னது சரி என்பதே என் எண்ணம். பாவிகள் எல்லாரும் பாவிகளே. வேதம் அதை ரெக்ஸ்ஹாமுக்கும் சேர்த்துத்தான் சொல்லுகிறது. தன் வீட்டு அறையில் உட்கார்ந்துகொண்டு கடலுக்கு அப்பாலிருக்கிறவனை மாத்திரம் இழிவென்று பாடுவது வேதம் அல்ல.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மெட்டுப் போட்ட சவானா எப்படிப்பட்ட ஊர்? ஆப்பிரிக்க ஜனங்களை அடிமைகளாய் வாங்கி விற்ற ஊர். தூர தேசத்தாரின் கட்டுகளை அவிழ்க்க அழைப்பு வருகிறது என்று ஆலயத்துக்குள்ளே பாட்டு. வெளியிலே தெருவில் நிஜச் சங்கிலி! மேசனை நான் நியாயந்தீர்க்கவில்லை. அவருடைய மெட்டில் கர்த்தரைத் துதித்தவன்தான் நானும். ஆனால் தேவ ஜனமே, ஆமோஸ் 5-ஆம் அதிகாரத்தின் பின்பகுதியை வாசித்துப்பாருங்கள். பாட்டின் இரைச்சலை அப்பாலே கொண்டுபோகச் சொல்லுகிற தேவன் அங்கே இருக்கிறார். சுருதி சேர்ந்த பாட்டைத்தான் அப்படிச் சொல்லுகிறார்.

இனி ஹீபருக்கு வருவோம். 1822-ல் கல்கத்தாவின் முதல் பிஷப் மிடில்டன் அங்கேயே மரித்துப்போனார். அந்த இடத்துக்கு ஹீபரை அழைத்தார்கள். இந்தியா முழுவதும், இலங்கையும், ஆஸ்திரேலியாவும்கூட அந்த ஒரே அத்தியட்சாதீனத்துக்குள்! முதலில் மறுத்தார். மனைவி, கைக்குழந்தை, இங்கிலாந்தில் நல்ல எதிர்காலம். பிறகு ஜெபித்து, சரி என்றார். 1823-ல் கப்பல் ஏறினார். சவானாவில் மேசன் மெட்டுப் போட்டதும் ஏறக்குறைய அதே காலம்தான். போகச்சொல்லுகிற பாட்டுக்கு ஒரு கரையில் ராகம் பிறக்கிறது. எழுதினவரோ கடல்மேல் இருக்கிறார்!

அவர் நம்மைப்போல பெந்தெகொஸ்தேக்காரர் அல்ல, ஆங்கிலிக்கன் பிஷப். அங்கி, சடங்கு எல்லாம் உண்டு. அதனாலென்ன? தான் எழுதின பாட்டுக்குத் தானே கீழ்ப்படிந்தார். அதுவே எனக்குப் பெரிதாய்த் தெரிகிறது.

1826 மார்ச் மாதம் சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டார். குதிரையும் கூடாரமுமாய், வெயில் ஏறுமுன்னே விடியற்காலத்துப் பிரயாணம். கடலூருக்கு வந்தார். நம்ம ஊரில் அப்போதே எண்பது வருஷத்துக்கு மேலாய் சுவிசேஷ ஊழியம் நடந்துகொண்டிருந்தது. கீரிக் ஐயர் 1767 முதல் ஊழியம் செய்த ஊர் அல்லவா! ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1780-களில் இந்த ஊருக்காகச் சண்டைபோட்ட காலத்தையும் கண்டவர் அவர். கடலூரிலிருந்து வெள்ளாற்றைத் தாண்டிச் சிதம்பரம். அங்கிருந்து கொள்ளிடம் கடந்து, மாயவரம், கும்பகோணம் வழியாய்த் தஞ்சாவூர். இன்றைக்கு நாம் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே போகிற அதே வழி. அந்த மனுஷனுக்கு ஆயுசில் இன்னும் மூன்று வாரமே இருந்தது. அது அவருக்குத் தெரியாது.

தஞ்சாவூரில் மார்ச் 26, ஈஸ்டர் பண்டிகை. காலையில் ஆங்கிலத்தில் பிரசங்கித்தார். சாயங்காலம் தமிழ் ஆராதனை. ஆலயம் நிறைந்த தமிழ் ஜனம். அவர்கள் வாய்திறந்து பாட ஆரம்பித்தார்கள்... பிஷப் கேட்டுக்கொண்டிருந்தார். சுவார்ட்ஸ் ஐயர் விதைத்த விதை, சாஸ்திரியார் வேதநாயகம் நம்ம ராகங்களில் பாடிவளர்த்த சபை அது! கடைசியில் ஆசீர்வாதத்தை ஹீபர் தமிழிலேயே சொன்னார். வெளியே வந்தபோது, இப்படி ஒரு நாளுக்காகச் சாதாரண வாழ்வின் வருஷங்களையே கொடுத்துவிடலாம் என்று கூடஇருந்த குருவானவரிடம் நெகிழ்ந்து சொன்னாராம்.

பிரியமானவர்களே, கவனியுங்கள். 1819-ல் பார்க்காமல் எழுதினபோது 'இழிவு' என்று வந்தது. 1826-ல் பக்கத்தில் நின்று கேட்டபோது நெஞ்சு உருகிற்று. ஜனம் மாறிவிட்டதா? அவர் நின்ற இடம் மாறிற்று.

பேதுருவுக்கும் அதுவேதான் நடந்தது. யோப்பாவின் மாடியில் இருந்தவரைக்கும் புறஜாதியான் தீட்டு. கொர்நேலியுவின் வீட்டு வாசற்படியைத் தாண்டினதும் அவன் வாயிலிருந்து வருகிற முதல் பேச்சு என்ன? 28-ஆம் வசனம். எந்த மனுஷனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக்கூடாதென்று தேவன் தனக்குக் காண்பித்தார் என்கிறான். அப்புறம் பிரசங்கம் ஆரம்பித்தான். முடிக்கவில்லை! பேசிக்கொண்டிருக்கும்போதே ஆவியானவர் இறங்கிவிட்டார். அபிஷேகத்தைப்பற்றிப் பேசும்போதெல்லாம் 44-ஆம் வசனத்தைச் சொல்லுகிறோம். 46-ஆம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். பேதுருவோடு வந்த யூத விசுவாசிகள் கேட்டார்கள் என்று இருக்கிறது. பேச வந்தவர்கள் கேட்கிறவர்களானார்கள். அந்த வீட்டார் தேவனைப் புகழ்ந்த சத்தம் காதில் விழுந்தபிறகுதான் பேதுருவுக்கு ஞானஸ்நானத்தைத் தடுக்க வாய் வரவில்லை.

தஞ்சாவூரிலிருந்து ஹீபர் திருச்சிக்குப் போனார். ஏப்ரல் 3-ஆம் தேதி காலையில் கோட்டைக்குள் இருந்த தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்தினார். எங்களுக்கு ஒரு போதகரைத் தாருங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பி, வெயில் களைப்புத் தீரக் குளிக்கும் தொட்டியில் இறங்கினார். நேரமாயிற்றே என்று வேலைக்காரர் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. 43 வயது நிறைய இன்னும் பதினெட்டு நாள். திருச்சி பரிசுத்த யோவான் ஆலயத்துக்குள்ளே அடக்கம் செய்தார்கள். மேசனோ அதற்குப் பின்னும் நாற்பத்தாறு வருஷம் இருந்து மெட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒருவருக்குக் கொஞ்சம், ஒருவருக்கு அதிகம். கர்த்தர் கணக்கு நமக்குத் தெரியாது.

இப்போ வெள்ளைக்காரரைப் பேசினது போதும், நம்ம வீட்டுக்கு வருவோம். 'இழிவு' என்கிற வார்த்தை ஹீபரோடு மண்ணுக்குள் போய்விட்டதா? தஞ்சாவூரில் அத்தனை அழகாய்ப் பாடின அதே சபைக்குள் ஜாதிச் சண்டை ஓய்ந்தபாடில்லை. சரித்திரம் அதை மறைக்கவில்லை. நம்ம நாவில் இன்றைக்கும் என்னென்ன வருகிறது? 'அந்தக் காலனிக்காரங்க அப்படித்தான்', 'இருளருக்குச் சொன்னா என்ன புரியும்?' அந்நியபாஷை பேசுகிற நாவிலேதான் இதுவும் வருகிறது. ஜெபத்தில் உத்தரப்பிரதேசம், பீகார், காஷ்மீர் என்று பேர்பேராய்ச் சொல்லிக் கதறுகிறோம். வேண்டாமென்று சொல்லவில்லை, இன்னும் கதறுங்கள்! மிஷனரிக் காணிக்கையும் நம்ம சபை தாராளமாய்க் கொடுக்கிறது. ஆனால் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போகிற கிள்ளையில், பிச்சாவரம் உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வெறுங்கையால் இறாலும் நண்டும் தடவிப் பிடித்துப் பிழைக்கிற இருளர் ஜனம் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

நாங்கள் நாலு பேர் சில மாதங்களாய் அந்தப் பக்கம் போய்வருகிறோம். முதல் தடவை ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போனோம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மூன்று பாட்டுப் பாடினோம். பிள்ளைகள் கூடினார்கள். பாட்டு முடிந்ததும், வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மா தலைநிமிராமலே சொன்னாங்க:

"பாட்டு நல்லாத்தான் இருக்குது தம்பி. சுனாமி வந்தப்பவும் கார்ல வந்து பாடுனாங்க. அரிசி குடுத்தாங்க, பொடவை குடுத்தாங்க. வரிசையா நிக்க வச்சு போட்டோ புடிச்சாங்க. எம் பேரு என்னான்னு ஒருத்தரும் கேக்கல."

2004 டிசம்பர் 26 கழிந்து எத்தனை வருஷமாயிற்று! அந்த அம்மாளுக்கு அரிசி கொடுத்த கை மறந்துபோயிற்று, கேட்காத கேள்வி மறக்கவில்லை. நான் பெயரைக் கேட்டேன். சொன்னாங்க. அதை இந்தத் தாளில் அச்சடிக்கப்போவதில்லை. வேண்டுமானால் நீங்களே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதன்பின் எங்களோடு வந்த தங்கச்சி ஒருவர், "பாட்டிம்மா, நீங்க ஒரு பாட்டுப் பாடுங்களேன்" என்று கேட்டாங்க. ரொம்ப நேரம் சிரிப்பு, வெட்கம். அப்புறம் தண்ணிக்குள்ளே நண்டு தேடுகிறபோது பாடுகிற பாட்டு ஒன்றைப் பாடினாங்க. என் ஆர்மோனியத்தில் அந்தச் சுரத்தைப் பிடிக்க முடியவில்லை, இரண்டு கட்டைக்கு நடுவிலே எங்கேயோ நின்றது. பெட்டியை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த வாரத்திலிருந்து ஆர்மோனியம் கொண்டுபோவதில்லை. டோலக் மாத்திரம்.

எத்தனை ஆத்துமாக்கள் ஆதாயமானார்கள் என்று சில சகோதரர்கள் என்னிடம் கேட்கிறார்கள். இதுவரைக்கும் ஞானஸ்நானத்துக்கு ஒருவரும் வரவில்லை. வாராவாரம் காய்ச்சல் மாத்திரையும், ஒரு பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்கிற ஜாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் நடையுமாய்ப் போய்க்கொண்டிருக்கிறது. போன வாரம் அந்தப் பாட்டியம்மா, "உங்க சாமி பேரைச் சொல்லி ஒரு பாட்டு எங்க தாளத்துல கட்டுங்களேன்" என்று அவங்களாகவே கேட்டாங்க. எங்கள் நாலு பேருக்கும் அது வரவில்லை. அவங்களே கட்டட்டும் என்று காத்திருக்கிறோம். இரண்டு அடி வந்திருக்கிறது.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை மதியம் கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு மணி சிதம்பரம் பஸ்ஸில் புறப்படுகிறோம். சிதம்பரம் சபையார் அங்கேயே வந்து சேர்ந்துகொள்ளலாம், கிள்ளை பஸ் இரண்டரைக்கு மேலே. கேமரா வேண்டாம். குடிதண்ணீரும் செருப்பும் அவசியம், கரையெல்லாம் சிப்பி. வருகிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடமோ காரியதரிசி அண்ணனிடமோ பெயர் கொடுங்கள். டோலக் வாசிக்கிற தம்பிக்கு அன்றைக்குப் பரீட்சை இருக்கிறது, ஆகையால் தாளம் பிடிக்கத் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும்.